தண்ணீர் ஊற்றியது உண்மை

காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அதைப் பார்க்கத் தொழிற்சாலையின் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் சட்டையைச் சரிசெய்துகொண்டு அவர் அறைச் சுவரோரமாக நிற்க வேண்டும். பித்தளைப் பூவாளியை அவர் கையில் எடுக்கும் தோரணையைப் பார்த்தால், ஒரு தேசத்தின் தாகத்தையே தீர்த்து வைக்கப் போகிறார் என்று தோன்றும். சாய்ப்பார். தண்ணீர் விழும். நிமிர்த்துவார். பிறகு நின்றவர்களை முகம் முகமாகப் பார்த்து, "சின்னச் செயல். தினமும். அவ்வளவுதான் தலைமை" என்பார். எல்லாத் தலைகளும் ஆடும். துணை மேனேஜரின் தலை மட்டும், மற்றத் தலைகள் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தனியாக ஆடிக்கொண்டிருக்கும்.

அது பிளாஸ்டிக் செடி.

இதைக்கூட மன்னித்துவிடலாம். பிளாஸ்டிக் செடியை நிஜமென்று நம்பி ஏமாந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் தயாராவதே பிளாஸ்டிக் செடிதான். அதையும் தலைவலியையும் தவிர வேறொன்றும் அங்கே தயாராவதில்லை. வாசலுக்கு மேலே, பறக்கிற காக்கையே எழுத்துக் கூட்டிப் படித்துவிடும் அளவுக்குப் பெரிய எழுத்தில், 'தண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம், வாங்கினால் போதும்!' என்று எழுதியிருக்கும். அதன் அடியில்தான் மாப்பிள்ளையின் கார் தினமும் நுழையும். அவருடைய மேசைப் பக்கத்தில் நின்ற அந்த அகன்ற இலைச் செடி, அவர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்த சாம்பிள் அறையில், பிளாஸ்டிக் துணியை வெட்டி, சூட்டு அச்சில் நரம்பு பதித்து, கம்பி சொருகி, மெழுகு பூசிச் செய்தது.

மாப்பிள்ளை என்றால் முதலாளியம்மாவின் ஒரே மகளைக் கட்டியவர். காவலாளியிலிருந்து கணக்கர் வரைக்கும் அவர் மாப்பிள்ளை சார்தான். அறைக் கதவில் மேனேஜர் என்று எழுதியிருந்ததை அவரைத் தவிர யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு முன்னால் அவர் சில தொழில்களைத் தொடங்கி ஒவ்வொன்றையும் மிகுந்த அன்போடு அடக்கம் செய்திருந்தார். இனியும் இவரை வெளியே விட்டால் ஊரில் மிச்சமிருக்கும் தொழில்களுக்கும் ஆபத்து என்றுதான் முதலாளியம்மா அவரைத் தன் தொழிற்சாலையிலேயே கட்டிப்போட்டார். போட்ட கையோடு, மலைமேல் ஒரு விடுதியில் நடந்த தலைமைப் பயிற்சி முகாமுக்கும் அனுப்பிவைத்தார். அவர் மலையில் இருந்த நாட்களில் தொழிற்சாலை வரலாறு காணாத வேகத்தில் இலை வெட்டித் தள்ளியது. தலைமை என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது அப்போதுதான். ஆனால் என்ன செய்வது, அவர் திரும்பி வந்துவிட்டார். வரும்போது ஒரு கொள்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பெரிய பெரிய காரியம் பண்றவன் தலைவன் இல்ல," என்றார் துணை மேனேஜரை எதிரில் உட்காரவைத்து. "ஒரே ஒரு சின்னச் செயல். ஒரு நோக்கத்தோட. தினமும், விடாம. பாக்கிறவன் தானா மாறிடுவான்."

"ஆஹா," என்றார் துணை மேனேஜர்.

"நான் தினமும் ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்."

"பிரமாதம் சார்!"

"நிஜச் செடி வேணும். உயிருள்ளது. நாம இங்க பண்றோமே, அந்தக் கண்றாவி வேண்டாம்."

"சேச்சே, அதை எப்படி சார் வைக்கிறது!" என்று துணை மேனேஜர் முகம் சுளித்தார். அந்தக் கண்றாவியில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பேக்கிங் பிரிவுத் தலைவர், எல்லோரும் பேக்கிங் அண்ணன் என்று கூப்பிடும் பருத்த மனிதர், துணை மேனேஜருக்கு வைத்த பெயர் தலையாட்டி. பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் நியாயமும் இருந்தது. அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தம். பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம் சார் என்று அர்த்தம். இரண்டையும் கலந்து வட்டமாக ஆட்டினால், நீங்கள் சொல்வதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்தேன் என்று அர்த்தம். இல்லை என்பதற்கு அந்தக் கழுத்தில் ஆட்டமே கிடையாது.

தலையாட்டிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: மேனேஜர் நாற்காலி. முதல் தடவை அது காலியானபோது முதலாளியம்மாவின் தம்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த தடவை தம்பியின் சிநேகிதர். அதற்கடுத்து மாப்பிள்ளை. ஒவ்வொருவரும் உட்காரும்போது தலையாட்டிதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் மதியம் அறையில் யாரும் இல்லாதபோது அதில் தானே உட்கார்ந்தும் பார்த்தார். அது கிறீச்சென்று கத்தியது. நாற்காலியே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று பதறி எழுந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு கணம் முதுகில் பட்ட சுகம் முதுகை விட்டுப் போகவே இல்லை. இப்போது ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தது: மாப்பிள்ளையைத் தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்ள முதலாளியம்மா தலைமை அலுவலகத்துக்கு இழுத்துக்கொள்ளப் போகிறாராம். அப்புறம் நாற்காலி யாருக்கு? மாப்பிள்ளை யாரைச் சொல்கிறாரோ அவருக்கு.

ஆகவே தலையாட்டி தாமே போய், தாமே பொறுக்கி, ஒரு நிஜச் செடியை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பிரிவுத் தலைவர்கள் வரிசையாக நின்று தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அறையில் ஜன்னல் கிடையாது. ஏசியோ, பனிக்கரடி வந்தால் போர்வை கேட்கும் அளவுக்கு ஓடும். செடி முதலில் தலையைத் தொங்கப்போட்டது, பிறகு மஞ்சளானது, பிறகு இந்த உலகமே வேண்டாம் என்று படுத்துவிட்டது. மாப்பிள்ளை அன்று மதியமே கிளம்பிப் போயிருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு வருவார், பூவாளியை எடுப்பார், பிணத்தைப் பார்ப்பார்.

தலையாட்டி நேராகச் சாம்பிள் அறைக்குப் போனார். அங்கே தலைமை அவர் மனைவி. தொழிற்சாலை முழுக்க அவளைச் சாம்பிள் மேடம் என்று கூப்பிடும். தான் செய்கிற இலை முன்னால் நிஜ இலையே வெட்கப்பட வேண்டும் என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்தை அவள் மறைத்ததும் இல்லை.

"என்னங்க, மூஞ்சி வாடிப் போயிருக்கு?"

"செடி வாடிப் போச்சு. இதே மாதிரி ஒண்ணு வேணும். நாளைக்குக் காலையில."

"கடையில போய் வாங்குங்களேன்."

"வாங்கினா அதுவும் சாகும். சாகாததா வேணும்."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "ஓ. சாகாததா." அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவருக்குத் தெரியாமப் போயிடுமா?"

"தெரியாது."

"செடி ஃபேக்டரிக்கு மேனேஜருங்க அவர்!"

"அதனாலதான் தெரியாதுங்கறேன்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் விலை சொன்னாள். "பசை ரூம்ல காத்தை வெளிய தள்ற ஃபேன் நின்னு எவ்வளவு நாளாச்சு? உள்ள இருக்கிற பொண்ணுங்க தலையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நேத்து ஒருத்தி மயக்கம் போட்டு விழுந்தா. அதைச் சரிபண்ணச் சொல்லுங்க. செடி பண்ணித் தரேன்."

"சொல்றேன்."

"தலையை ஆட்டாம சொல்லுங்க."

"சொல்றேன்னு சொல்றேன்ல!" என்று சொல்லும்போதும் தலை வட்டமாகத்தான் ஆடியது.

அவள் செய்த செடி மறுநாள் காலை தொட்டியில் நின்றது. அடியில் மண்ணுக்குப் பதில் ஸ்பாஞ்சு, அதன் மேல் கண்ணை ஏமாற்றத் தென்னை நார்த்தூள். தொட்டிக்கு ஓட்டை கிடையாது. தண்ணீர் ஊற்றப்போகிற பிளாஸ்டிக் செடியை அந்தத் தொழிற்சாலை அதற்கு முன் செய்ததில்லை. பசை அறை மின்விசிறியைப் பற்றித் தலையாட்டி சொல்லத்தான் வாயெடுத்தார்.

"சார், பசை ரூம்ல ஃபேன்..."

"அதெல்லாம் சின்ன விஷயம், அப்புறம் பாத்துக்கலாம்," என்ற மாப்பிள்ளை செடியைப் பார்த்துவிட்டார். ஓடிப்போய் ஒரு இலையைத் தடவினார். அவர் கண்ணில் நீர் கோத்தது. "பாத்தீங்களா! நேத்து வாடிக் கிடந்தது! இன்னைக்குப் பாருங்க! எப்படி? தினமும் ஊத்தினேன்ல!"

சுவரோரம் நின்றவர்கள் செடியைப் பார்த்தார்கள். பேக்கிங் அண்ணன் தன் கையால் அதே ரகத்தில் லாரி லாரியாகக் கட்டி அனுப்பியவர். அவர் ஒரு தடவை இருமினார். பிறகு, "என்ன பசுமை சார்!" என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். ஒருவர் வாசனைகூட வருகிறது என்றார். வந்தது உண்மைதான், பசை வாசனை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தலையாட்டி கதவைச் சாத்திக்கொண்டு நார்த்தூளை ஒதுக்கி, ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, சாப்பாட்டுப் பைக்குள் மறைத்துக் கழிப்பறைக்குக் கொண்டுபோய்ப் பிழிந்தார். பிழிந்ததைத் திரும்ப வைத்தார். நார்த்தூளைப் பரப்பினார். இலைகளை ஈரத்துணியால் துடைத்தார். மறுநாள் சாயங்காலமும் பிழிந்தார். அதற்கு மறுநாளும். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பிழிந்துவிட்டுப் போனார். மாப்பிள்ளையின் கொள்கையை அந்தத் தொழிற்சாலையில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். ஒரு சின்னச் செயல், ஒரு நோக்கத்தோடு, தினமும், விடாமல். நோக்கம் நாற்காலி.

"வீட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வச்சதில்ல," என்றாள் மனைவி. "அங்க போய் ஸ்பாஞ்சு பிழியறீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்ககிட்ட இப்படி ஒரு திறமை இருக்குன்னு தெரியாமப் போச்சே."

"எல்லாம் நமக்காகத்தானே."

"நமக்காகவா? ஃபேன் என்னாச்சு?"

"சொல்லியிருக்கேன். பாக்கறேன்னாரு."

இதற்கிடையில் மாப்பிள்ளை, பிரிவுத் தலைவர்கள் ஆளுக்கொரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பேக்கிங் அண்ணன், தரையில் கிடக்கும் காகிதத்தைத் தினமும் குனிந்து எடுப்பேன் என்றார். அவர் பிரிவில் தரை சுத்தமாக இருந்ததால், ஒரு காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்து, மாப்பிள்ளை வரும் சத்தம் கேட்டதும் போட்டு எடுப்பார். அந்தக் காகிதம் நாளடைவில் கிழிந்து நூலாகிவிட்டது. அவர் மாற்றவில்லை, கைராசிக் காகிதம் என்றார். கணக்குப் பிரிவுத் தலைவர் படியில் நின்று ஒவ்வொருவரையும் நலம் விசாரிப்பேன் என்றார். ஜனங்கள் பின்பக்கப் படியில் ஏற ஆரம்பித்தார்கள். பசை அறையின் மின்விசிறியைச் சரிசெய்வதை மட்டும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை. தினமும் செய்து காட்ட முடியாது.

சில வாரம் போனதும் மாப்பிள்ளை தலையைச் சாய்த்துச் செடியைப் பார்த்தார். "ஏன் வளரலை?"

தலையாட்டி மறுபடியும் சாம்பிள் அறைக்கு ஓடினார். மனைவி இந்தத் தடவை பேரம் பேசவில்லை. அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. விலைக்குச் செய்கிற செடியில் இல்லாத சுகம், ஒரு முட்டாளை மட்டும் மனதில் வைத்துச் செய்கிற செடியில் அவளுக்குக் கிடைத்தது. முதலில் சுருண்ட ஒரு குருத்து வந்தது. இரண்டு நாள் கழித்து அது பாதி விரிந்தது. பிறகு முழுதாக விரிந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் தலையாட்டி சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோய்ச் சொருகினார். அவள் இலை எதுவானாலும் நுனியில் ஒரு சின்ன மடிப்பு இருக்கும். நகத்தால் ஒரு அழுத்து. அது அவளுடைய பழக்கம். மாப்பிள்ளை அந்த மடிப்பைத் தடவி, "என்னைப் பாத்துத் தலை குனியுது," என்றார்.

அவளுக்கு அதோடு நிற்க மனமில்லை. நிஜச் செடியென்றால் ஒரு இலையாவது பழுக்க வேண்டுமே என்று, அடியில் ஒரு மஞ்சள் இலை செய்து கொடுத்தாள். மாப்பிள்ளை அதைப் பாசத்தோடு கிள்ளினார். இலை வந்தது, கூடவே ஒரு விரல் நீளத்துக்குக் கம்பியும் வந்தது.

சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டியைப் பார்த்தார்கள்.

"என்ன இது?" என்றார் மாப்பிள்ளை.

"நரம்பு சார்," என்றார் தலையாட்டி. "இரும்புச்சத்து."

"அடேங்கப்பா!" மாப்பிள்ளை கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "தண்ணியில எவ்வளவு சத்து இருந்தா இப்படி வரும்!" பேக்கிங் அண்ணன் சிரிப்பை மறைக்கக் குனிந்து தரையில் இல்லாத காகிதத்தை எடுத்தார்.

அந்த வாரம்தான் முதலாளியம்மா வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை தலையாட்டியின் தோளில் கைபோட்டார், அதுவரை போட்டதில்லை. "நான் ஹெட் ஆபீஸ் போறேன். இந்த நாற்காலிக்கு உங்களைத்தான் சொல்லப் போறேன். அத்தை உங்களைக் கேப்பாங்க. செடியைப் பத்தி நல்லா எடுத்துச் சொல்லுங்க."

தலையாட்டி அன்று பிழிந்த பிழியில் ஸ்பாஞ்சு காய்ந்து கட்டியாகிவிட்டது.

முதலாளியம்மா குச்சி ஊன்றி வந்தார். தொழிற்சாலையை அவர் தொடங்கியபோது இருந்தது ஒரு கத்தரியும் ஒரு மேசையும்தான்; முதல் இலைகளைத் தாமே வெட்டியவர். வழியில் பசை அறையைத் தாண்டும்போது புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஃபேனுக்கு என்ன?" என்று கேட்டார். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "சின்ன விஷயம் அத்தை," என்றார் மாப்பிள்ளை. முதலாளியம்மா மூக்கைப் பொத்தியபடியே நடந்துவிட்டார். பெண்கள் மறுபடி குனிந்துகொண்டார்கள்.

அறையில் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். சாம்பிள் மேடமும் நின்றாள். மாப்பிள்ளை பூவாளியை எடுத்தார். மாமியார் எதிரில் ஊற்றுவதால் வழக்கத்தைவிட உயரத்திலிருந்து ஊற்றினார். அருவி மாதிரி விழுந்தது. "சின்னச் செயல் அத்தை. தினமும். நான் வந்த புதுசுல இது ஒரு சாண் இருந்தது. என் கையால தண்ணி குடிச்சு வளந்த உயிரு இது."

முதலாளியம்மா கிட்டே போனார். ஒரு இலையை இரண்டு விரலால் பிடித்தார். விரல் நுனிவரைக்கும் நகர்ந்தது, மடிப்பில் நின்றது. அவர் திரும்பவில்லை. சாம்பிள் மேடம் கூரையைப் பார்த்தாள்.

"நீ சொல்லுப்பா," என்றார் முதலாளியம்மா தலையாட்டியிடம். "நீதானே கூடவே இருக்க. இது உயிருள்ள செடியா?"

தலையாட்டியின் முதுகில், அன்று நாற்காலி தொட்ட இடத்திலேயே, வியர்வை ஓடியது. ஆமாம் என்றால், இலையைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு விரல் அவரைப் பொய்யன் என்று சொல்லும். இல்லை என்றால், சிபாரிசு செய்யப்போகிற வாயே அவரை வெளியே துரத்தும். இரண்டு பக்கமும் போகாமல் ஒரு தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது? கழுத்து தன் பாட்டுக்கு வட்டம் போட ஆரம்பித்தது.

"தலையை ஆட்டாத. வாயால சொல்லு."

வாய் திறந்தது. சுவரோரத்தில் மனைவி கூரையை விட்டு அவரையே பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்த மனிதர் இல்லை என்று சொல்வாரா என்று பார்க்கிற பார்வை.

"அம்மா," என்றார் தலையாட்டி. "தினமும் தண்ணி ஊத்தினது உண்மைங்க."

"கேட்டீங்களா!" என்று குதித்தார் மாப்பிள்ளை.

முதலாளியம்மா தலையாட்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் ஏசி நின்றுவிட்டது என்று பேக்கிங் அண்ணன் இன்றைக்கும் சத்தியம் செய்வார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, தலையாட்டியை மட்டும் நிறுத்திவைத்தார்.

"ஊத்தின தண்ணியெல்லாம் எங்க போகுது?"

"ஸ்பாஞ்சுலங்க."

"ஸ்பாஞ்சுல இருந்து?"

"நான் பிழிஞ்சிடுவேங்க."

"தினமுமா?"

"தினமும்."

"லீவு நாள்ல?"

"அன்னைக்கு சார் ஊத்த மாட்டாருங்களே."

முதலாளியம்மா குச்சியால் நாற்காலியைத் தட்டினார். "பொய்யும் சொல்லலை, நெசமும் சொல்லலை. ஆனா வாயைத் திறந்துட்ட. இப்படி ஒரு ஆளத்தான்பா இத்தனை வருஷமா மேனேஜர் வேலைக்குத் தேடிக்கிட்டிருக்கேன். இங்க காதுல பூ சுத்தறதுதானே நம்ம தொழிலே. உக்காரு."

அவர் உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலி கத்தவில்லை. அதற்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

மாப்பிள்ளை கிளம்பும்போது செடியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அங்கே யார் பிழிகிறார்கள் என்பது தலைமை அலுவலகத்துப் பாடு. போகுமுன், பத்து மணித் தண்ணீர் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். வாக்கோடு விடவில்லை, தினமும் பத்து மணிக்குப் போன் செய்து, ஊற்றுகிற சத்தத்தைக் காதால் கேட்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

"சரி, நாற்காலி வந்தாச்சு," என்றாள் மனைவி வீட்டில். "ஃபேன்?"

"முதல் வேலையே அதுதான்."

முதல் வேலை செடி வாங்குவதாக ஆகிவிட்டது. பத்து மணிக்குப் போன் வருமே. ஆனால் இந்தத் தடவை நேர்மையாக இருந்துவிடுவது என்று தலையாட்டி உறுதியெடுத்தார். நிஜச் செடி, நிஜத் தண்ணீர். பேக்கிங் அண்ணனைத் துணை மேனேஜராகப் போட்டார். அவர் அன்றே தலையை வட்டமாக ஆட்டப் பழகிக்கொண்டார். அறை அதே அறை. ஏசி அதே ஏசி. செடி தொங்கியது, மஞ்சளானது, படுத்தது. தலையாட்டி எல்லாவற்றையும் கவனித்தார். ஏசியைக் குறைக்கத் தோன்றவில்லை, மேனேஜர் அறை என்றால் குளிராகத்தானே இருக்க வேண்டும்.

மறுநாள் காலை பிரிவுத் தலைவர்கள் சுவரோரம் நின்றார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "என்ன, ஆரம்பிக்கலாமா?" என்றது மாப்பிள்ளையின் குரல். தலையாட்டி பூவாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

செடி தளதளவென்று நின்றது.

அவர் கை தானாக ஒரு இலையைப் பிடித்தது. நுனியில் ஒரு சின்ன மடிப்பு. நகத்தால் ஒரு அழுத்து.

பேக்கிங் அண்ணன் சட்டையில் ஒட்டியிருந்த நார்த்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். தலையாட்டி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கோபித்துக்கொள்ளும் அளவுக்கு எதிரில் ஆள் இல்லை என்பது போல் இருந்தது. சுவரோரம் நின்ற ஒவ்வொருவருக்கும் அது பிளாஸ்டிக் என்று தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர் சொல்லியிருந்தால் அந்தக் கணமே சிரித்து முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு வேறு ஏதாவது வேலை பார்த்திருக்கலாம், உதாரணமாக மின்விசிறி.

"சத்தமே கேக்கலையே?" என்றது போன்.

தலையாட்டி ஊற்றினார்.

"ஆங், கேக்குது, கேக்குது!"

"சின்னச் செயல்," என்றார் தலையாட்டி. "தினமும். அவ்வளவுதான் தலைமை." எல்லாத் தலைகளும் ஆடின. மற்றத் தலைகள் நின்ற பிறகும் சாம்பிள் மேடத்தின் தலை மட்டும், மெதுவாக, வட்டமாக, அவரைப் பார்த்தபடியே ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு மறுநாள் ஊற்றியபோது தண்ணீர் நிற்காமல் நார்த்தூளோடு பொங்கி, தொட்டி விளிம்பைத் தாண்டி, புது மேனேஜரின் புதுச் செருப்பை நனைத்தது. யாரும் பிழிந்திருக்கவில்லை. பேக்கிங் அண்ணன் குனிந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

தலையாட்டி அன்று மதியம் சாம்பிள் அறைக்கு வந்தார். சுவருக்கு அப்பால் பசை அறையில் யாரோ இருமினார்கள்.

"செடியை நீதானே பண்ணின? சாயங்காலம் அதைக் கொஞ்சம் பிழிஞ்சி வச்சிடக் கூடாதா?"

"நான் சாம்பிள் ரூம்," என்றாள் அவள் கத்தரியை நிறுத்தாமல். "பிழியறது மேனேஜ்மென்ட் வேலை."

"விளையாடாத."

"ஃபேன் சுத்தற அன்னைக்கு நானே வந்து பிழியறேன்."

"அது சின்ன விஷயம்மா, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் மேனேஜர்.

சொன்ன பிறகு அந்த வாக்கியத்தை முன்பு எங்கோ கேட்ட மாதிரி அவருக்கு இருந்தது. யோசிக்க நேரமில்லை. எல்லோரும் போவதற்காகக் காத்திருந்து, அறைக் கதவைச் சாத்தி, ஸ்பாஞ்சை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஈரச் செருப்பு தரையில் சளக் சளக்கென்று பேச, கழிப்பறையைப் பார்த்து நடந்தார். காலையில் ஊற்றுவதும் அவரே, சாயங்காலம் பிழிவதும் அவரே.